பத்தும் ஐந்தும் பதினைந்து

பெங்களூரில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கு இது தெரிந்திருக்கும். சின்ன வகுப்புக் கணக்கில் 'நம்பர் சென்டென்ஸ்' என்று ஒன்று வருகிறது. 10 + 5 = 15 என்று எழுதினால் அது ஒரு வாக்கியமாம். கணக்குக்குள் வாக்கியம் எப்படி வந்தது? நான் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன், புலவன் இல்லை. ஆனாலும் இதற்கு நம் இலக்கணத்தில் அழகான பதில் இருக்கிறது.

முதலில் அந்த '=' குறி. அதற்கு இன்னும் ஐந்நூறு வயதுகூட ஆகவில்லை. ராபர்ட் ரெக்கார்ட் என்ற வேல்ஸ் நாட்டு மருத்துவர் 1557-ல் வெளியிட்ட கணித நூலில்தான் முதலில் அச்சேறியது. 'இதற்குச் சமம்' என்று திரும்பத் திரும்ப எழுதுவதைத் தவிர்க்க, இரண்டு இணைகோடுகளைப் போட்டார் மனுஷர். ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல் செய்யும் வேலையை அந்தக் கோடுகள் செய்கின்றன.

தமிழுக்கு அந்தக் கோடும் வேண்டாம். 'பத்தும் ஐந்தும் பதினைந்து.' வினையே இல்லை, ஆனாலும் முழு வாக்கியம். 'பதினைந்து' என்ற பெயரே பயனிலை. கூட்டல் குறி எங்கே? இரண்டு முறை வரும் 'உம்'தான். பள்ளியில் எண்ணும்மை என்று படித்தோமே, அதுவேதான். பெருக்கலுக்கு 'உம்'மும் கிடையாது: 'ஈரைந்து பத்து.' திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடிப் பிள்ளைகள் ஒப்பித்தது இப்படிப்பட்ட வரிகளைத்தான். வாய்பாடு என்ற சொல்லைப் பாருங்கள். கணக்கில் பெருக்கல் வாய்பாடு, யாப்பில் தேமா, புளிமா வாய்பாடு!

இன்னும் ஒன்று. நம் எண்ணுப்பெயர்களே சின்னச் சின்னக் கணக்குகள். பெரிய எண் முன்னால் வந்தால் கூட்டு: பதினைந்து, நூற்றைந்து. சின்ன எண் முன்னால் வந்தால் பெருக்கு: ஐம்பது, ஐந்நூறு. இவை எப்படிச் சேர்கின்றன என்பதற்குத் தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தின் கடைசி இயலான குற்றியலுகரப் புணரியலில் விதி சொல்கிறார். 13-ம் நூற்றாண்டில் பவணந்தி முனிவரும் நன்னூலில் சொல்கிறார். அவரை எழுதச் சொன்ன சீயகங்கன், நமக்குப் பக்கத்திலிருக்கும் கோலாரைப் பழைய தலைநகராகக் கொண்ட கங்கர் வழியில் வந்தவன்.

இந்த ஒழுங்குக்கு அடங்காதது தொண்ணூறு. எழுபது, எண்பது என்று வந்துவிட்டு திடீரென்று 'நூறு' எங்கிருந்து? மலையாளமும் நம் கட்சிதான். கன்னடத்தில் 'தொம்பத்து', பத்து பத்தாகவே இருக்கிறது. நம் இலக்கணக்காரர்கள் இதற்கென்றே தனி விதி எழுதி வைத்தார்கள்.

இதெல்லாம் இப்போது எதற்கு என்கிறீர்களா? நம் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு இருபதுக்கு மேல் தமிழில் எண் தெரியாது. ஊரிலிருந்து பாட்டி போனில் 'தொண்ணூற்றஞ்சு ரூபா' என்றால், 'அப்படின்னா எவ்வளவுப்பா?' என்று கேட்கிறார்கள். எண்ணை 95 என்று எழுதினால் போதாதா என்று நினைக்கலாம். எங்கள் தொழிலில் போதாது. காசோலையில் எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செல்லும் என்கிறது 1881-ம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 18-ம் பிரிவு.

ஆகவே, இன்று வீட்டுப்பாடம் செய்யும்போது ஒரே ஒரு கணக்கையாவது தமிழில் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள். பதினைந்துக்கும் ஐம்பதுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபட்டால், தெருவில் கேட்கும் 'ஹதினைது', 'ஐவத்து'வும் தானாகப் புரியும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!