வீட்டு வலையில் விருந்தாளி யார்?

உங்கள் வீட்டு ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், அதனோடு இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைக் காணலாம். வீட்டில் இருப்பவை மூன்று செல்பேசிகளும் ஒரு கணிப்பொறியும்தான். பட்டியலிலோ ஆறு பெயர்கள்! மற்ற இரண்டும் யாருடையவை? இதற்கு விடை காண, வலையின் வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கையில் பிறந்த வலை

1973-இல் அமெரிக்காவின் செராக்ஸ் நிறுவன ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் என்பவர் ஈதர்நெட் முறையை வகுத்தார். ஒரே கம்பியில் பல கணிப்பொறிகள் இணைந்திருக்கும். ஒன்று பேசுவது எல்லாவற்றுக்கும் கேட்கும். 1982-இல் டேவிட் பிளம்மர் ஒரு விதிமுறையை எழுதினார். "இந்த இணைய முகவரி யாருடையது?" என்று ஒரு பொறி கேட்கும். "என்னுடையது" என்று எது சொன்னாலும் கேட்ட பொறி நம்பிவிடும், சான்று கேட்பதில்லை. ஒரே அலுவலகத்தில் பழகியவர்களிடையே இது போதுமானதாக இருந்தது.

1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க வீடுகளுக்குத் தொலைக்காட்சிக் கேபிள் வழியே இணையம் வந்தது. ஒரு தெருவின் பல வீடுகள் ஒரே கேபிளைப் பகிர்ந்துகொண்டன. விண்டோஸ் 95 கணிப்பொறியில் வலையின் அண்டைப் பொறிகளைக் காட்டும் சின்னத்தை அழுத்தியவர்கள் திகைத்தார்கள். பக்கத்து வீட்டுக் கணிப்பொறிகள் பெயரோடு வரிசையாக நின்றன! எவரும் பூட்டை உடைக்கவில்லை. பொறிகள் தம் பெயரைத் தாமே கூவி அறிவித்தன. கடவுச்சொல் இல்லாமல் பகிரப்பட்ட கோப்புகளை அயலாரும் திறக்க முடிந்தது.

உடைந்த பூட்டு

அடுத்து வந்தது வை-ஃபை. கம்பி சுவரோடு நின்றது. வானொலி அலை சுவரைக் கடந்து தெருவுக்கும் போயிற்று. ஆகவே 1997-இல் வந்த முதல் தரத்திலேயே 'வெப்' என்ற பூட்டையும் அமைத்தார்கள். ஒவ்வொரு செய்தித் துணுக்கையும் மறைக்க, இரகசியச் சாவியோடு 24 பிட் எண் ஒன்றைச் சேர்ப்பது அதன் முறை. அத்தகைய எண்கள் 1,67,77,216 மட்டுமே. போக்குவரத்து மிகுந்த வலையில் சில மணி நேரத்திலேயே அவை திரும்ப வரத் தொடங்கிவிடும். 2001-இல் ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர், அலைகளைக் கேட்டுக்கொண்டிருந்தாலே சாவியைக் கணித்துவிடலாம் என்று காட்டினர். 2007-இல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் அதை ஒரு நிமிடத்துக்குள் செய்தார்கள். இதற்கிடையே 2003-இல் டபிள்யூ.பி.ஏ., 2004-இல் அதன் இரண்டாம் வடிவம், 2018-இல் மூன்றாம் வடிவம் எனப் புதிய பூட்டுகள் வந்தன.

பூட்டு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே ஒரு பாடம் உண்டு. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் வந்த மின்னஞ்சலைத் தேடிய காவல்துறை, நவி மும்பையின் ஒரு குடியிருப்பை அடைந்தது. காப்பில்லாத வை-ஃபையைப் பிறர் பயன்படுத்தியதாகப் பின்னர் கூறப்பட்டது. ஆனால் விசாரணைக்கு முதலில் ஆளானவர் அந்த வீட்டுக்காரரே. 2009-இல் தொலைத்தொடர்புத் துறை வை-ஃபை பாதுகாப்பு பற்றி அறிவுறுத்தல்கள் வெளியிட்டது.

உங்கள் செல்பேசியே அந்நியனாகலாம்

ஆனாலும் அறியாத பெயரைக் கண்டதும் அயலார் மேல் ஐயப்பட வேண்டாம். ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் வன்பொருள் முகவரி உண்டு. முன்பு அது தொழிற்சாலையில் பதித்தபடியே இருந்தது. அதைக் கொண்டு ஆட்களைப் பின்தொடர முடிந்ததால், 2019-இல் ஆண்ட்ராய்டு 10-உம் 2020-இல் ஐ.ஓ.எஸ். 14-உம் வலைக்கு வலை வெவ்வேறு முகவரி தரும் முறையைக் கொண்டுவந்தன. முகவரியின் இரண்டாம் இலக்கம் 2, 6, ஏ, இ இவற்றுள் ஒன்றானால், அது பெரும்பாலும் இப்படித் தானே சூட்டிக்கொண்ட முகவரிதான். தொலைக்காட்சிப் பெட்டியும் மின்விளக்கும்கூட இன்று பட்டியலில் இடம்பெறுகின்றன.

எனவே வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து, எந்தப் பெயர் மறைகிறது என்று பாருங்கள். எல்லாம் அணைந்த பின்னும் ஒரு பெயர் நின்றால், அதன் முகவரியைத் தடுத்துவிட்டோம் என்று நிம்மதி அடையாதீர்கள். முகவரியை எளிதில் மாற்றிக்கொள்ளலாம். பூட்டு இரண்டாம் அல்லது மூன்றாம் வடிவம்தானா என்று பார்த்து, வை-ஃபை கடவுச்சொல்லை நீளமானதாக மாற்றுங்கள். ரூட்டரின் நிர்வாகக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். சாவி மாறியதும் எல்லாக் கருவிகளும் வெளியேறும். நீங்கள் புதுச் சாவி கொடுத்தவை மட்டுமே உள்ளே வரும். வலை இன்றும் வந்தவரையெல்லாம் நம்புகிறது; வாசலில் நின்று கேட்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது.