வீட்டு வலையமைப்புச் சேமிப்பகமும் அணுகல் கோளாறுகளும்

வீட்டு வலையமைப்புச் சேமிப்பகம் என்பது ஒரே ரூட்டரில் இணைந்த கணினிகளும் கைப்பேசிகளும் தொலைக்காட்சிகளும் பொதுவாகப் பயன்படுத்தும் கோப்புக் கிடங்கு. தனியாக வாங்கிய நாஸ் எனும் வலையமைப்புச் சேமிப்பகப் பெட்டி, ரூட்டரின் யுஎஸ்பி துளையில் செருகிய ஹார்ட் டிஸ்க், சம்பா என்ற பகிர்வு மென்பொருளை நிறுவிய ராஸ்பெர்ரி பை சிறுகணினி, ஒரு ஃபோல்டரை மற்றவர்களுக்குத் திறந்துவிட்ட சாதாரண விண்டோஸ் கணினி என எதுவும் அந்தக் கிடங்காகலாம். நேற்றுவரை திறந்த ஃபோல்டர் இன்று திறக்கவில்லை என்பதே இதில் அடிக்கடி எழும் புகார். பெரும்பாலும் கோப்புகள் பத்திரமாகவே இருக்கும்; கணினிக்கும் கிடங்குக்கும் நடுவே ஏதோ ஒன்று மாறியிருக்கும். ஆகவே டிஸ்கை ஃபார்மட் செய்வதோ நாஸ் பெட்டியை ரீசெட் செய்வதோ முதல் வேலையாக இருக்கவே கூடாது.

வீடுகளில் இந்தப் பகிர்வு பெரும்பாலும் எஸ்எம்பி என்ற நெறிமுறையில் நடக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் இதை உருவாக்கினார். மைக்ரோசாஃப்ட் அதை வளர்த்து விண்டோஸின் இயல்பான பகிர்வு முறையாக்கியது. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் அதே நெறிமுறையை யூனிக்ஸ் கணினிகளுக்காக எழுதி 1992இல் வெளியிட்டார். அதுவே பின்னர் சம்பா என வளர்ந்தது. இன்றைய நாஸ் பெட்டிகள் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸும் சம்பாவும்தான். ஆப்பிளும் 2013இல் வந்த மேவரிக்ஸ் என்ற மேக் இயங்குதளம் முதல் தன் ஏஎஃப்பி பகிர்வு முறையைப் பின்னுக்குத் தள்ளி எஸ்எம்பிக்கு முதலிடம் தந்தது.

பாதையும் பெயரும்

முதலில் பார்க்க வேண்டியது, இரு கருவிகளும் ஒரே வலையமைப்பில் இருக்கின்றனவா என்பது. விருந்தினருக்கான வைஃபையில் சேர்ந்த மடிக்கணினிக்கு இணையம் கிடைக்கும், கிடங்கு கிடைக்காது; அந்த வைஃபை அப்படித்தான் அமைக்கப்படுகிறது. அலுவலக விபிஎன் ஓடிக்கொண்டிருந்தாலும் வீட்டுப் பாதை அடைபடலாம். பலர் கவனிக்காத இன்னொன்று, இணைய நிறுவனம் தந்த ஃபைபர் மோடமும் வீட்டார் வாங்கி அதன் பின்னால் இணைத்த ரூட்டரும் தனித்தனியே முகவரி வழங்குவது. ஒரு கருவி 192.168.0 வரிசையிலும் மற்றொன்று 192.168.1 வரிசையிலும் இருந்தால் ஒரே வீட்டுக்குள் இரண்டு வலையமைப்புகள் ஓடுகின்றன என்று பொருள். இரண்டாவது ரூட்டரை ஆக்சஸ் பாயின்ட் முறைக்கு மாற்றினால் இது தீரும். முகவரி 169.254 என்று தொடங்கினால் ரூட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை.

அடுத்து, பெயரை விட்டுவிட்டு எண்ணால் அழைத்துப் பார்க்க வேண்டும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் \\192.168.1.20 என்பதுபோலக் கிடங்கின் ஐபி முகவரியை இட்டு என்டர் தட்டினால், ஃபோல்டர்கள் வரிசையாகத் தோன்றலாம். அப்படித் தோன்றினால் வலையமைப்பும் நெறிமுறையும் கடவுச்சொல்லும் சரியாக இருக்கின்றன, பெயரைத் தேடுவதில் மட்டுமே சிக்கல். தொடர்ந்து எண்ணாலேயே அழைக்க விரும்பினால், ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் அந்தக் கருவிக்கு நிலையான முகவரியை ஒதுக்கிவிட வேண்டும். இல்லையேல் அடுத்த மின்தடைக்குப் பின் எண் மாறலாம்.

‘நெட்வொர்க்’ பட்டியலில் கிடங்கின் பெயர் தெரியாததைக் கோளாறாகவே கொள்ள வேண்டியதில்லை. பழைய விண்டோஸ் அந்தப் பட்டியலை, எஸ்எம்பியின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1ஐச் சார்ந்த ஒரு சேவையைக் கொண்டு தயாரித்தது. அது போனபின் வேறொரு கண்டறிதல் முறை வந்தது. சம்பா தனியாக அதைச் செய்வதில்லை. லினக்ஸ் கிடங்கில் டபிள்யூஎஸ்டிடி என்ற துணை நிரலை நிறுவினால் பெயர் மீண்டும் தென்படும். நிறுவாவிட்டாலும் முகவரி இட்டுத் திறக்கத் தடையில்லை.

எண்ணாலும் திறக்கவில்லை, ஆனால் பிங் கட்டளைக்கு மட்டும் பதில் வருகிறது என்றால் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். எஸ்எம்பி 445ஆம் போர்ட்டில் இயங்குகிறது. கிடங்கே விண்டோஸ் கணினியாக இருந்து, அதன் வைஃபை ‘பப்ளிக்’ எனக் குறிக்கப்பட்டிருந்தால், ஃபயர்வால் அந்தப் போர்ட்டை மூடியிருக்கும். வீட்டு வலையமைப்பை ‘பிரைவேட்’ என மாற்றினால் போதும். ஃபயர்வாலை முழுவதுமாக அணைக்கத் தேவையில்லை.

நெறிமுறைப் பதிப்பு

கடந்த சில ஆண்டுகளில் வீட்டுக் கிடங்குகளைத் திடீரென மௌனமாக்கிய மாற்றங்கள் இரண்டு. முதலாவது எஸ்எம்பி 1இன் விலகல். 2017 மே 12 அன்று பரவிய வான்னாக்ரை பணயத் தீநிரல் இந்தப் பழைய பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகவே கணினிக்குக் கணினி தாவியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள் கடுமையாகப் பாதிக்கப்பட்டன. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவும் வீட்டுக் கணினிகளில் எஸ்எம்பி 1, 15 நாள் பயன்படாமல் கிடந்தால் தானாக நீங்கியது. கணினி வாங்கிச் சில வாரம் கழித்துப் பழைய கருவியைத் திறக்க முயன்றவர்கள் காரணம் தெரியாமல் தவித்தது இதனால்தான். சம்பாவும் 2019இல் வந்த 4.11 பதிப்பில் எஸ்எம்பி 1ஐ இயல்பாக அணைத்தது.

இரண்டாவது, 2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு. ப்ரோ பதிப்புகளில் இது ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் கேட்கிறது. கடவுச்சொல் இல்லாத விருந்தினர் நுழைவையும் மறுக்கிறது. யார் வேண்டுமானாலும் திறக்கலாம் என விட்டிருந்த ரூட்டர் டிஸ்குகள் இதில் நின்றன. கையொப்பத்தையும் விருந்தினர் தடையையும் கணினியில் தளர்த்த வழி உண்டு. ஆனால் கிடங்கில் ஒரு பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அமைப்பதே நேரான தீர்வு. அதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடையாளமும் அனுமதியும்

கடவுச்சொல் பெட்டி மீண்டும் மீண்டும் வந்தால், பலரும் அங்கே பின் எண்ணை இடுகிறார்கள். அந்த எண், அது அமைக்கப்பட்ட கணினியின் முன் உட்கார்ந்து திறப்பதற்கு மட்டுமே. வலையமைப்பு வழியாக இன்னொரு விண்டோஸ் கணினிக்குள் நுழைய, அந்தக் கணினியில் உள்ள கணக்கின் முழுக் கடவுச்சொல் வேண்டும். சம்பாவிலோ லினக்ஸ் கடவுச்சொல்லும் செல்லாது. அதற்கெனத் தனியாக ஒன்று பதிய வேண்டும். கடவுச்சொல்லை மாற்றிய பின் சிக்கல் தொடங்கியிருந்தால், விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழையது தங்கியிருக்கும். அதை நீக்கிவிட்டு மறுபடி நுழைய வேண்டும்.

ஒரே கிடங்குக்கு ஒரே நேரத்தில் இரு பயனர் பெயர்களில் நுழைய விண்டோஸ் விடாது. 1219 என்ற பிழை எண் இதைத்தான் சொல்கிறது. முந்தைய இணைப்புகளைத் துண்டித்துவிட்டு நுழைய வேண்டும்.

ஃபோல்டர் தெரிகிறது, உள்ளே எழுத முடியவில்லை என்பது அனுமதிச் சிக்கல். விண்டோஸில் பகிர்வுக்கு ஓர் அனுமதி, கோப்புக்கு ஓர் அனுமதி என இரண்டு உண்டு. இரண்டில் எது கடுமையோ அதுவே செல்லும். கைப்பேசியில் கதை வேறு. ஐஃபோனில், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதல் ஒவ்வொரு செயலியும் உள்ளக வலையமைப்பைத் தொட அனுமதி கேட்கிறது. அப்போது அவசரத்தில் ‘வேண்டாம்’ என்று தட்டியவர்களுக்குக் கிடங்கு தெரியாது.

பழைய கருவிகள்

எஸ்எம்பி 1ஐ மீண்டும் நிறுவினால் பழைய பெட்டி திறந்துவிடும் என்ற ஆலோசனை பரவலாக வழங்குகிறது. அது வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் பின்பற்றத்தக்கது அல்ல. முதலில் கருவியின் அமைப்புப் பக்கத்தில் எஸ்எம்பி 2 அல்லது 3 இருக்கிறதா, உற்பத்தியாளர் புதுப்பிப்பு தந்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். வெளியூரிலிருந்து கோப்புகளை எடுப்பதற்காக ரூட்டரில் 445ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடுவதும் கூடாது. அதற்கு விபிஎன் இருக்கிறது.

புதுப்பிப்பு நின்றுபோன கருவியிலிருந்து கோப்புகளை எடுத்துக்கொண்டு அதற்கு ஓய்வு கொடுப்பதே சரி. ரூட்டரில் செருகிய யுஎஸ்பி டிஸ்க் என்றால், கழற்றி நேரே கணினியில் செருகினாலே பெரும்பாலும் படிக்கக் கிடைக்கும். நாஸ் பெட்டியின் உள்டிஸ்குகள் பொதுவாக லினக்ஸ் வடிவில் இருப்பவை. அவற்றைக் கழற்றி விண்டோஸில் செருகினால், பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும் என்று அது கேட்கக்கூடும். ஒருபோதும் சம்மதிக்காதீர்கள், சம்மதித்தால் கோப்புகள் போய்விடும்.