ஒரு சொல் வாங்கித் தந்த மெமோ

1970களின் தொடக்கம். புதுச்சேரியில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காரைக்காலில் அக்காவுக்குத் திருமணம். மூன்று நாள் லீவு வேண்டி ஆங்கிலத்தில் விண்ணப்பம் எழுதினேன். நான் படித்ததெல்லாம் பிரெஞ்சில். "ஐ டிமாண்ட் த்ரீ டேஸ் லீவ்" என்று பணிவோடுதான் எழுதிக் கொடுத்தேன். லீவு வரவில்லை, மெமோ வந்தது. மேலதிகாரிக்கு மரியாதை இல்லாமல் எழுதியது ஏன் என்று கேட்டிருந்தார்கள்.

பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் வெறுமே கேட்பது. வழி கேட்கவும் அதுதான், பெண் கேட்கவும் அதுதான். வற்புறுத்திக் கேட்பதற்கு 'எக்ஸிஜே' என்று வேறு சொல் இருக்கிறது.

இந்தச் சொல் பிரெஞ்சிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரசவையில் பிரெஞ்சு புழங்கியது. பின்னர் கோர்ட்டிலும் அதுவே மொழியாயிற்று. நிலம் தன்னுடையது என்று வழக்குப் போட்டவரை அங்கே 'டிமாண்டன்ட்' என்றார்கள். அவர் கெஞ்சவில்லை, உரிமையைக் கேட்டார். வழக்காடுவது ஆங்கிலத்தில்தான் என்று 1362இல் சட்டம் வந்தும் வக்கீல்கள் பிரெஞ்சை எளிதில் விடவில்லை. சாதாரணமாகக் கேட்பதற்கு ஆங்கிலேயரிடம் 'ஆஸ்க்' என்ற சொந்தச் சொல் ஏற்கெனவே இருந்தது. ஆகவே 'டிமாண்ட்' கோர்ட்டின் விறைப்போடு, விடாப்பிடியாகக் கேட்பதற்கு என்று ஒதுங்கிவிட்டது.

எங்கள் அலுவலகத்தில் பிரெஞ்சுக்காரர் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்த பெரியவர் ஒருவர் இருந்தார். "பயப்படாதே தம்பி" என்று சொல்லி, பிரெஞ்சு-ஆங்கில அகராதியோடு என்னை அதிகாரியிடம் அழைத்துப் போனார். அதிகாரி அந்தப் பக்கத்தை இரண்டு முறை படித்துவிட்டு, விளக்கம் ஏற்கப்பட்டது என்று எழுதினார். அதற்குள் ஒரு நாள் போய்விட்டது. பந்தக்கால் நடும்போது நான் இல்லை. முகூர்த்தத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். அந்தக் குறை இன்றும் உண்டு.

பல ஆண்டுகள் கழித்து என்னை பட்ஜெட் பிரிவில் போட்டார்கள். அங்கே ஒவ்வொரு துறைக்கும் ஒரு 'டிமாண்ட்' எண். தமிழில் மானியக் கோரிக்கை. அரசு சட்டமன்றத்திடம் பணம் கேட்கிறது. அவை கொடுக்கலாம், குறைக்கலாம், மறுக்கவும் செய்யலாம். அங்கே அந்தச் சொல்லில் அதட்டல் இல்லை. எனக்கு மெமோ வாங்கித் தந்த அதே சொல்லைப் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தேன்.

பேரப்பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: லீவு கேட்கும்போது 'ரிக்வெஸ்ட்' என்று எழுதுங்கள். உங்களுக்குச் சேர வேண்டியதை யாராவது தராமல் இழுத்தடித்தால், அப்போது தயங்காமல் 'டிமாண்ட்' என்று எழுதுங்கள்.