பொதுவழி உரிமையும் இரட்டைமலை சீனிவாசனாரின் சட்டசபைப் பணியும்

எடமலைப்பட்டி புதூரிலிருந்து புறப்படும் நம் மாணவர் ஒருவர் பேருந்தேறி, காவிரிப் பாலத்தைக் கடந்து, திருவரங்கத்தில் இறங்கிச் சித்திரை வீதியில் நடந்து செல்கிறார். "நீ யார், எந்தத் தெரு?" என்று கேட்டு எவரும் அவரை வழிமறிப்பதில்லை. பொதுவழியில் நடப்பதும் ஓர் உரிமையா என்று அம்மாணவர் வியக்கவும் கூடும். நூறாண்டுகட்கு முன் அதற்காகச் சட்டசபையில் ஒருவர் தீர்மானம் கொண்டுவர வேண்டியிருந்தது. அவரே திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனார். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவருடைய அரசியல் வாழ்வை எழுதுவது பொருத்தமென்று கருதினோம்.

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் அவர் பிறந்த ஊர். கல்வி கற்றது கோயம்புத்தூரில். அக்காலத்து நிலையை 1939-இல் வெளியிட்ட தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் நூலில் அவரே எழுதியுள்ளார். தம் குலம் சக மாணவர்க்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சத்தால், மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்கேனும் படித்துக்கொண்டிருப்பார். வகுப்புக் கலைந்ததும் எவரும் உடன் வராதபடி விரைந்து வீடு திரும்புவார். பிள்ளைகளோடு விளையாடவும் இயலாத பள்ளிப் பருவம் அது. பள்ளிக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த வழியே அவருக்கு முதற்பகையாக இருந்தது. பின்னாளில் சட்டசபைக்குள் அவர் கொண்டுசென்ற கோரிக்கையும் அவ்வழியைப் பற்றியதாகவே அமைந்தது.

அக்டோபர் 1893-இல் 'பறையன்' என்னும் இதழை அவர் தொடங்கினார். இழிசொல்லாக வழங்கிய பெயரையே இதழின் தலைப்பாக அச்சிட்ட துணிவு சிறிதன்று. அதே ஆண்டில், இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்தவேண்டுமென்று எழுந்த கோரிக்கையை அவர் எதிர்த்தார். பதவிகளெல்லாம் மேல்சாதியார் வசமாகிவிடும் என்பது அவர் வாதம். 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்குச் சென்றது. தேசபக்தியற்ற செயல் என்று இதனைப் பழித்தோரும் உண்டு. ஏட்டுக் கல்வியின் வாயிலே அடைக்கப்பட்டிருந்த மக்கள், தேர்வு எந்நாட்டில் நடந்தால் என்ன என்று ஐயுற்றதில் வியப்பில்லை என்பது நம் கருத்து. பின்னர் ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் அவர் ஆப்பிரிக்காவில் வாழ்ந்து தாயகம் திரும்பினார்.

1923-இல் அவர் சென்னைச் சட்டசபையின் உறுப்பினரானார். தேர்தலில் வென்று அன்று, அரசு நியமித்து. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வாக்குரிமை சொத்துடையார்க்கே உரியதாக இருந்தது. நிலமற்ற நம் மக்களுள் வாக்காளர் மிகச் சிலரே. ஆகவே நம் பிரதிநிதிகள் நியமன உறுப்பினராகவே அவையில் அமர நேர்ந்தது. அரசின் தயவில் அமர்ந்தோர் என்று இவர்களை எள்ளுவது எளிது. ஆயினும் அவர்கள் செய்ததைப் பாருங்கள். எம்.சி. ராஜா 1922-இல் கொண்டுவந்த தீர்மானத்தால் அரசு ஆவணங்களில் பழைய இழிபெயர்கள் நீங்கி 'ஆதிதிராவிடர்' என்னும் பெயர் ஏறிற்று. இரண்டாண்டு கழித்துச் சீனிவாசனார் எழுந்தார்.

1924 ஆகஸ்டு 22-ஆம் நாள் நிறைவேறிய அத்தீர்மானம் இரு பகுதிகளை உடையது. எந்த நகரிலும் சிற்றூரிலும் உள்ள பொதுச்சாலை, தெரு, பாதை ஆகியவற்றில் எவ்வகுப்பினரும் நடப்பதற்குத் தடையில்லை என்பது ஒன்று. பொது அலுவலகங்கள், கிணறுகள், குளங்கள், பொதுமக்கள் கூடும் இடங்கள் ஆகியவற்றில் சாதி இந்துக்களுக்குள்ள அளவே தாழ்த்தப்பட்டோர்க்கும் உரிமை உண்டு என்பது மற்றொன்று. செப்டம்பர் 25-ஆம் நாள் இஃது அரசாணையாயிற்று. அப்பொழுது திருவிதாங்கூரில் வைக்கம் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. அங்கே கோயிலைச் சூழ்ந்த சாலையில் நடக்கச் சென்றவர்கள் சிறைபுகுந்த அதே ஆண்டில், சென்னை மாகாணத்தில் சாலை எல்லார்க்கும் பொது என்று அரசு எழுதிக்கொடுத்தது.

எழுதிக்கொடுத்ததும் நடந்துவிட்டதா? இல்லை. அதே ஆண்டு இறுதியில், சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பாலக்காட்டுக் கல்பாத்தியில், தேரோடும் அக்கிரகாரத் தெருவில் நடக்க முயன்ற ஈழவர் முதலிய மக்கள் தடுக்கப்பட்டனர். தடுத்தவரைத் தண்டிக்கும் விதியின்றி உரிமையை மட்டும் அறிவித்தால் ஆணை ஏட்டளவில் நின்றுவிடும். இக்குறையைக் கண்டு, தண்டனை விதிக்கும் சட்டத்திற்காகச் சட்டசபையில் வாதாடியவர் மற்றொரு நியமன உறுப்பினரான ஆர். வீரையன். இவர் பெயரை நம்மவரே மறந்துவிட்டனர்.

1930-இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டிற்கு அண்ணல் அம்பேத்கருடன் சீனிவாசனார் சென்றார். நம் பிரதிநிதிகளை நாமே தேர்ந்தெடுக்கும் தனிவாக்காளர் தொகுதியை இருவரும் கோரினர். சென்னைச் சட்டசபையில் அவருக்கு முன்னோடியான எம்.சி. ராஜாவோ 1932-இல் மூஞ்சேயுடன் உடன்பாடு செய்து கூட்டுத்தொகுதியின் பக்கம் நின்றார். இரு பெரியோரும் நம் நலத்தையே நாடினர். எனினும், நம்மவர் வாக்கால் வராதவர் நமக்கு எவ்வளவு பேசமுடியும் என்னும் ஐயத்தில் சீனிவாசனார் பக்கமே நியாயம் மிகுதி என்று நமக்குத் தோன்றுகிறது. நியமனத்தால் அமர்ந்தவரன்றோ, அந்நாற்காலியின் எல்லையை அறிந்திருப்பார்!

1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு சென்னை மாகாணத்தில் நமக்கு 18 இடங்களைத் தனிவாக்குரிமையுடன் அளித்தது. காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தார். செப்டம்பர் 24-இல் புனா ஒப்பந்தம் ஏற்பட்டு இடங்கள் 30 ஆயின, தனிவாக்குரிமை நீங்கிற்று. அதற்கு ஈடாக, நம் வாக்காளர் மட்டும் கூடி முதலில் நால்வரைத் தெரிந்தெடுக்க, அந்நால்வருள் ஒருவரைப் பொதுவாக்காளர் தேர்ந்தெடுக்கும் முறை வகுக்கப்பட்டது. 1937-ஆம் ஆண்டுத் தேர்தலில் 215 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டசபையில் 30 பேர் இவ்வொதுக்கீட்டில் அமர்ந்தனர். 1945 செப்டம்பர் 18-இல் சீனிவாசனார் மறைந்தார்.

இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 நமக்குத் தனித்தொகுதிகள். நம் திருச்சி மாவட்டத்தில் துறையூர் அத்தகையது. நம்மவர் மட்டும் கூடி நால்வரைத் தெரிந்தெடுக்கும் அம்முதற்கட்டத் தேர்தல் மட்டும் இன்று இல்லை.