பந்திக்குப் பந்தல் உறவில்லை

‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்ற பழமொழிக்கு ஒரு புதுப்பொருள் பட்டிமன்ற மேடைகளிலும் கைப்பேசிகளிலும் உலா வருகிறது. அது ஆளைப் பற்றியதே அல்லவாம், வலக்கையைப் பற்றியதாம். உண்ணும்போது வலக்கை முன்னே போகும், போரில் நாணை இழுக்கும்போது பின்னே போகும் என்கிறார்கள். அவையும் கைதட்டுகிறது. வில்லைத் தவிர வேறு படைக்கலம் தமிழன் கண்டதில்லை போலும்! வாள் வீசுபவன் கை எந்தப் பக்கம் போகும்? கையை மறைத்துவைத்துப் பேசுவது விடுகதையின் வேலை. பழமொழி ஆளைப் பார்த்துத்தான் பேசும்.

இதே கூட்டத்தார் சொற்பிறப்பிலும் கைவைக்கிறார்கள். பந்தலின்கீழ் அமர்ந்து உண்பதால் பந்தி என்பது ஒரு கட்சி. பந்துக்கள் கூடி உண்பதால் பந்தி என்பது எதிர்க்கட்சி. தமிழ் நெடுங்கணக்கில் தகரம் ஒன்றே ஒன்று. மூன்று சொல்லும் எழுத்தில் ஒன்றுபோலத் தோன்றுவதுதான் இருவருக்கும் உள்ள ஒரே ஆதாரம்.

தெலுங்கைக் கேட்டிருந்தால் பிழைத்திருப்பார்கள். பந்தல் அங்கே பந்திரி. அதன் தகரம் ‘தயை’யில் வரும் மெல்லிய தகரம். உறவினரைக் குறிக்கும் பந்துவில் வருவது ‘தர்மம்’ என்பதன் மூச்சொலித் தகரம். உண்போர் வரிசைக்கும் தெலுங்கில் பந்தி என்றே பெயர். முதலெழுத்து சற்றே மெலிந்தாலும் உள்ளிருப்பது ‘தலை’யின் வல்லினத் தகரம். மூன்று சொல், மூன்று வேறு எழுத்து. கன்னடத்திலும் பந்தல் ஹந்தர என்று ஒரு வழி போக, பந்தி வேறு வழியில் நிற்கிறது. தமிழில் பந்தல், பந்தர் என்ற கடைப்போலியைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். அவற்றுள் சங்கப் பாட்டு காட்டும் பந்தரிலிருந்து பந்தியைப் பெற எந்த விதி உண்டு?

பந்தி, வடமொழியின் பங்க்தி. பஞ்ச என்ற எண்ணோடு பிறந்த சொல் அது. வேத யாப்பில் அடிக்கு எட்டு அசையாக ஐந்தடி வரும் பாவுக்குப் பங்க்தி என்று பெயர். ஐந்தின் தொகுதி நாளடைவில் எந்த வரிசைக்கும் பொதுவாயிற்று. பாலியில் இது பந்தி என நலிந்து வழங்குகிறது, பொருள் வரிசைதான். பாகதங்கள் வழியாக நாம் வாங்கியதும் அந்த நலிந்த வடிவத்தையே. மராத்தியில் உண்போர் வரிசை பங்கத். குருத்துவாராவின் லங்கரில் எல்லாரும் ஒரே வரிசையாகத் தரையில் அமர்வதைச் சீக்கியரும் பங்கத் என்பர். பந்தலும் பந்துக்களும் அங்கெல்லாம் எங்கே போனார்கள்?

பத்தி என்று நாம் சொல்வதும் இதே சொல்லின் மறுவடிவம். கொலைக்களக் காதையில் கண்ணகியின் சிலம்பை வருணிக்கும் இளங்கோ, மணி பதித்த குழிகளின் வரிசைக்குப் பத்தி என்ற சொல்லையே ஆள்கிறார். கட்டுரையின் பகுதியை நாம் பத்தி என்கிறோம். ஈழத்துப் பாடநூல்கள் பந்தி என்கின்றன. யாழ்ப்பாணத்து மாணவன் எழுதும் பந்திக்கு யார் பந்தல் போட்டார்கள் என்று முதற்கட்சியார் விசாரித்துச் சொல்லலாம். குதிரைகளை வரிசையாகக் கட்டும் லாயம் பந்தி. மலையாளத்தில் யானை கட்டுமிடம் ஆனப்பந்தி. ஒழுங்கு குலைந்து ஏதோ சரியில்லை என்று தோன்றினால் மலையாளி ‘பந்திகேடு’ என்பான். எவ்வளவு அழகான சொல்! நாம் ஏன் அதை விட்டோமென்று தெரியவில்லை.

கல்யாணச் சாப்பாடு இச்சொல்லைவிட மூத்தது. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் காட்டும் மணம் முழுக்க முழுக்க வீட்டுக் கல்யாணம். பந்தர் போட்டு மணல் பரப்பியிருக்கிறது, உளுந்து கூட்டிய களி வெந்திருக்கிறது, சோறு குவிந்து கிடக்கிறது. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் மணப்பெண்ணை நீராட்டுகிறார்கள். 136ஆம் பாட்டில் இறைச்சியும் நெய்ச்சோறும் குறைவின்றிப் பெரியோருக்கு அளிக்கப்படுகின்றன. குவியலுக்கு அமலை என்றும், குழைந்த களிக்கு மிதவை என்றும், வெந்ததற்குப் புழுக்கு என்றும் சொல் வைத்திருந்த புலவர்கள், உண்போர் வரிசைக்கு ஒரு சொல்லும் வைக்கவில்லை. நிரை என்ற நல்ல தமிழ்ச்சொல் 86இல் வருகிறது, பந்தர்க் காலுக்கு! உண்போரை வரிசையில் உட்கார்த்தும் ஏற்பாடும் பந்தி என்ற பெயரும் கூடியே வந்தன என்பது என் கட்சி.

வரிசை வந்தால் முதலும் கடைசியும் வரும். பழமொழி அங்கேதான் பிறக்கிறது. ஒப்பந்தச் சமையல்காரர் ஐந்நூறு இலைக்கு அறுநூறாகச் சமைப்பார். அவர் கல்யாணத்தில் பிந்தியவனுக்கும் பாயசம் உண்டு. வீட்டுச் சமையல் அப்படியன்று. கொல்லையில் செங்கல் அடுக்கிக் கோட்டையடுப்பு மூட்டி, அத்தையும் சித்தியும் அண்டா ஏற்றி, பெரியம்மா உக்கிராணத்தில் உட்கார்ந்து அரிசியைப் படியால் அளந்து கொடுக்கும் கல்யாணத்தில் எல்லாம் கணக்கு. (உக்கிராணம் கன்னட, தெலுங்கு நாட்டிலிருந்து வந்த சொல். சாமான் அறை என்று சொன்னால் அந்தப் பெரியம்மாவின் அதிகாரம் அதில் இல்லை.) முதல் பந்தியில் பந்திப்பாய் விரித்துத் தலைவாழை இலை போட்டு மாப்பிள்ளை வீட்டாரை உட்கார்த்துவார்கள். இரண்டாம் பந்தியில் அவியல் பாதிக் கரண்டியாகும். மூன்றாவதில் சாம்பாருக்கு வெந்நீர் விளாவுவார்கள். கடைசிப் பந்தி சமைத்தவர்களுக்கும் பரிமாறியவர்களுக்கும் உரியது, அதில் ரசமும் அடிச்சோறும் மிஞ்சினால் பெரிது. அந்தப் பந்தியில் ஒருமுறை உட்கார்ந்தவன் பழமொழிக்கு வில்லையும் நாணையும் தேடமாட்டான். 2020இல் ஊரடங்கு விதி கல்யாணத்துக்கு 50 பேர் என்று வரம்பு கட்டியபோது பல வீடுகளில் கொல்லையடுப்பு மீண்டும் எரிந்தது. கூட்டம் சிறுத்ததால் சமைத்தவர்களும் மற்றவர்களோடு பெரிதும் காத்திராமல் உட்கார முடிந்தது.

முதல், கடைசி என்பதோடு இந்த வரிசை நின்றுவிடவில்லை. வரிசையைத் தூய்மையாக்குபவர், கெடுப்பவர் என்று ஆளைப் பிரிக்கும் பேச்சு மனுநூலின் மூன்றாம் அத்தியாயத்திலேயே பங்க்தி என்ற சொல்லோடு ஒட்டியிருக்கிறது. 1920களில் வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிச்சாப்பாடு என்று தெரிந்ததும் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எழுப்பிய புயல் பந்தியைப் பற்றியதுதான். கேரளத்தில் 1917இலேயே சகோதரன் ஐயப்பன் செறாயியில் சாதி கலந்து உண்ணும் மிசிர போஜனம் நடத்திவிட்டார். சமபந்தி என்ற சொல்லுக்குத் தேவை வந்ததே பந்தி சமமாக இல்லாததால். இதைச் சம்பந்தியோடு குழப்புவோரும் உண்டு. அது சம்பந்தம் உடையவர் என்பது. பந்தியில் முதலிடம் பிடிப்பதைத் தவிர அவருக்கு இச்சொல்லோடு உறவில்லை.

ஒரே வரிசையில் ஒருவனுக்கு நெய்யும் ஒருவனுக்கு வெறுஞ்சோறும் இடுவது பந்திவஞ்சனை. தனித்தமிழன்பர் சிலர் பந்தியைக் களைந்து ‘உண்வரிசை’ என்று எழுதச் சொல்கிறார்கள். எழுதட்டும். உண்வரிசையில் உட்கார்ந்தவனுக்கு அப்பளம் வராமல் போனால் அவன் பந்திவஞ்சனை என்றுதான் கத்துவான். பந்தி பாகதத்திலிருந்து வந்த சொல், தெலுங்கின் வல்லினத் தகரமே எனக்குப் போதிய சான்று. போதாது என்பவர்கள் பந்திகேடு என்பதற்குப் பந்தலை வைத்துப் பொருள் சொல்லிவிட்டு வரட்டும்.