பெயரும் தீர்வையும்

பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனார், காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கச்சாவடியை நம் கண்முன் கொணர்ந்து நிறுத்துகிறார். கடலினின்று கரைக்கும், கரையினின்று கடலுக்கும் பண்டங்கள் அளவின்றி வந்து குவிகின்றன. அவற்றின்மேல் சோழனின் புலி முத்திரை இடப்படுகிறது. கதிரவனின் தேரில் பூட்டிய குதிரைகளைப்போல் ஓய்வறியாத காவலர், ‘உல்கு’ எனப்பட்ட சுங்கப்பொருளைக் குறைவின்றித் திரட்டுகின்றனர்.

இக்காட்சியைப் பாடநூலில் படித்த மாணவர் உங்களுள் பலர் இருப்பீர்கள். நானும் படித்தேன். ஆனால் ஒரு கேள்வி நெடுங்காலம் என் உள்ளத்தில் எழவில்லை. மூட்டையைக் கண்ட காவலன், முத்திரையை எடுக்குமுன் என்ன கேட்டிருப்பான்? “இது என்ன பண்டம்?” என்றுதான் கேட்டிருப்பான். எடையும் விலையும் அதற்குப் பின்னரே. பண்டத்தின் பெயர் முடிவாகாத வரையில் தீர்வையும் முடிவாகாது. அப்படியானால், அப்பெயரை முடிவு செய்பவர் யார்? காவலனா, வணிகனா, அரசனா? இக்கேள்விக்கு உலகம் கண்ட விடைகளையே இன்று சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

சிரியப் பாலைவனத்தின் நடுவே பல்மைரா என்னும் வணிகநகர் இருந்தது. ஒட்டகச் சாத்துகள் வந்து தங்கிச் சென்ற நகரம் அது. உரோமப் பேரரசின் ஆட்சிக்கு உட்பட்ட அந்நகரத்தின் அவையினர் கி.பி. 137 ஆம் ஆண்டில் ஒரு தீர்மானம் செய்தனர். பழைய தீர்வைச் சட்டத்தில் பல பண்டங்களின் பெயரே இல்லை. அவற்றிற்கு வழக்கத்தையொட்டி வரி வாங்கப்பட்டு வந்தது. அதனால் வணிகர்க்கும் வரி தண்டுவோர்க்கும் இடையே அடிக்கடி பூசல் விளைந்தது. ஆகவே, விடுபட்ட பண்டங்களையெல்லாம் பெயர் சொல்லி எழுதி, ஒவ்வொன்றற்கும் உரிய தீர்வையைக் குறித்து, எல்லாரும் காணும்படி கல்லில் பொறித்து வைக்க வேண்டும் என்பதே அத்தீர்மானம்.

அவ்வாறே கிரேக்கத்திலும் பல்மைராவின் அரமேய மொழியிலும் பொறித்து வைத்தனர். ஒட்டகச் சுமைக்கு ஒரு தீர்வை, கழுதைச் சுமைக்கு வேறொரு தீர்வை. நறுமணத் தைலம் வெண்கல் குப்பியில் வந்தால் ஒன்று. ஆட்டுத்தோல் பையில் வந்தால் மற்றொன்று. 1881 ஆம் ஆண்டில் உருசிய இளவரசர் அபமெலிக்-லாசரெவ் கண்டறிந்த அக்கல், இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வரி வாங்க எழுந்த கல்தானே என்று அதனை எளிதாகக் கருதிவிடலாகாது. பண்டத்தின் பெயரும் தீர்வையும் பொதுவிடத்தில் எழுதப்பட்டுவிட்டால், காவலன் தன் விருப்பம்போல் கேட்க இயலாது. எளிய வணிகனும் கல்லைச் சுட்டிக்காட்டி வாதிடலாம். பட்டியல் என்பது கருவூலத்தின் கருவி மட்டுமன்று, வணிகனின் கேடயமுமாகும்.

அதே இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பாப்பிரசுத் தாள் வியன்னா நகரில் காக்கப்படுகிறது. சேரநாட்டு முசிறியோடு நடந்த வணிகத்தைப் பற்றியது அது. ‘ஹெர்மபொல்லோன்’ என்னும் கப்பலில் வந்த சரக்கின் கணக்கு அதில் உள்ளது. கங்கைச் சடாமாஞ்சில், யானைத் தந்தம் முதலியவற்றின் எடையும் விலையும் வகைவகையாகக் கணக்கிடப்பட்டுள்ளன. அக்காலத்தில் உரோம எல்லையில் இச்சரக்குகளுக்குக் காற்பங்கு தீர்வையாகக் கொள்ளப்பட்டது. பெயர், எடை, விலை, மதிப்பு என்ற அந்த வரிசை, இன்றைய ஏற்றுமதி அலுவலகத்தின் அட்டவணைக்கு முன்னோடி எனலாம்.

தமிழகத்தில், 1070 ஆம் ஆண்டு அரியணை ஏறிய முதற் குலோத்துங்கன் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் புகழ்பெற்றான். மன்னன் நீக்கினான், மக்கள் வாழ்த்தினர். ஆயினும் மன்னனின் அருள் அவன் காலத்தோடு முடியக்கூடியது. எழுதி வைத்த ஒழுங்கோ ஆட்சி மாறினும் நிற்கக்கூடியது.

எழுதி வைத்தால் மட்டும் பூசல் தீர்ந்துவிடுமா? தீராது என்பதற்கு ஒரு தக்காளிப்பழமே சான்று. 1883 ஆம் ஆண்டின் அமெரிக்கத் தீர்வைச் சட்டப்படி காய்கறிக்கு நூற்றுக்குப் பத்து விழுக்காடு வரி, பழத்திற்கு வரியில்லை. தக்காளி இறக்குமதி செய்த நியூயார்க் வணிகர்கள், “தாவரநூலின்படி இது பழம்” என்று வாதிட்டனர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அகராதிகள் நீதிபதிகளின் முன் படிக்கப்பட்டன. 1893 ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. தாவரநூலார்க்கு அது பழமாகலாம். ஆனால் மக்கள் அதனை உணவோடு சேர்த்து உண்கின்றனரேயன்றி, உண்டபின் பழமாகச் சுவைப்பதில்லை. எனவே தீர்வைக்கு அது காய்கறியே என்றது நீதிமன்றம். பெயர் என்பது பொருளிடத்து மட்டும் இல்லை, வழங்கும் மக்களிடத்தும் இருக்கிறது என்பதை இவ்வழக்கு காட்டிற்று.

ஒரு நாட்டினுள்ளேயே இத்துணைச் சிக்கல் என்றால், நாடுகளுக்கிடையே எவ்வளவு இருக்கும்! ஒரு நாட்டின் பட்டியல் அகரவரிசையில். மற்றொன்றின் பட்டியல் வேறு முறையில். 1913 ஆம் ஆண்டு பிரசெல்சு நகரில் 29 நாடுகள் கூடி, வாணிகப் புள்ளிவிவரத்திற்கென 186 இனங்கள் கொண்ட பொதுப்பட்டியல் ஒன்றை ஏற்றன. நாட்டுக் கழகத்தின் முயற்சியால் 1931 இல் அமைந்து 1937 இல் திருத்தப்பட்ட ஜெனீவாப் பட்டியலில் 991 தலைப்புகள் இருந்தன. இரண்டாம் உலகப்போருக்குப்பின் 1950 இல் பிரசெல்சில் மற்றோர் உடன்படிக்கை செய்யப்பட்டு, 1959 இல் நடைமுறைக்கு வந்தது. இறுதியாக, 1983 இல் உருவாகி 1988 சனவரி முதல் நாள் செயற்பட்ட ‘ஒத்திசைந்த முறை’ தோன்றியது. எச்.எஸ். எண் என்று வணிகர் சொல்வது இதனையே. இன்று 200க்கும் மேற்பட்ட நாடுகளும் ஆட்சிப்பகுதிகளும் இதனைப் பின்பற்றுகின்றன.

இதன் அமைப்பை நம் மிளகைக்கொண்டே விளக்கலாம். முதல் இரண்டு இலக்கம் 09. காப்பி, தேயிலை, நறுமணப் பொருள்களின் அத்தியாயம் அது. நான்கு இலக்கமாக 0904 என்றால் மிளகு, மிளகாய் முதலியவற்றின் தலைப்பு. ஆறு இலக்கமாக 090411 என்றால் பொடிக்காத மிளகு; 090412 என்றால் பொடித்த மிளகு. தமிழ் அறியாத ஒருவர் ஆன்ட்வெர்ப்பிலோ ஒசாகாவிலோ இருந்து அவ்வெண்ணைப் பார்த்தாலும் மிளகு என்றே அறிவார். இந்தியாவில் 2003 முதல் மேலும் இரண்டு இலக்கங்கள் சேர்ந்து எட்டு இலக்கமாயின.

2011 முதல் நம் நாட்டில் மற்றொரு மாற்றமும் வந்தது. பண்டத்தின் இனத்தையும் தீர்வையையும் முதலில் மதிப்பிட்டு அறிவிக்கும் பொறுப்பு ஏற்றுமதி, இறக்குமதி செய்வோரிடமே ஒப்படைக்கப்பட்டது. அதிகாரி அதனைச் சரிபார்ப்பார். பழைய புலி முத்திரையின் ஒரு பகுதி வணிகனின் கைக்கே வந்துவிட்டது எனலாம்.

அப்பொறுப்பின் சுமையை நான் ஒருமுறை உணர்ந்தேன். மிளகு ஏற்றுமதிக்கான ஷிப்பிங் பில்லுக்கு வேண்டிய விவரங்களைக் கணினியின் விரிதாளில் நிரல்படுத்திக்கொண்டிருந்தேன். 090411 என்று எழுதினேன். கணினி அதனைப் பெயராகக் கொள்ளாது, தொகையாகக் கொண்டது. முன்னிருந்த சுழியைப் பயனற்றதென்று நீக்கி 90411 என்று வைத்தது. ஓர் இலக்கம் குறைகிறதே என்று எண்ணிய நான், ஆராயாமல் இறுதியில் ஒரு சுழியைச் சேர்த்தேன். 904110 ஆயிற்று. அத்தியாயம் 90 எதனுடையது தெரியுமா? கண்ணாடி வில்லைகள், அளவுகருவிகள், மருத்துவக் கருவிகள் ஆகியவற்றினுடையது! நம் மிளகு மருத்துவர் மேசையில் போய் அமர்ந்துவிட்டது. அவ்வத்தியாயத்தில் அப்படியொரு தலைப்பே இல்லாமையால் பிழை வெளிப்பட்டது. ஆயினும் திருத்தி முடிப்பதற்குள் இரண்டு நாட்கள் கழிந்தன. மூட்டைகள் கிடங்கிலேயே காத்துக் கிடந்தன. அந்நிரலை எண்ணாகக் கொள்ளாது எழுத்தாகக் கொள்ளுமாறு முன்னரே அமைத்திருந்தால் இவ்விடர் நேர்ந்திராது.

மாணவ நண்பர்களே, அந்தச் சுழிக்கு மதிப்பில்லை என்று கணக்கு கூறும். உண்டு என்று வரலாறு கூறும். பல்மைராவின் அவையினர் கல்லில் பொறித்ததும், 29 நாடுகள் பிரசெல்சில் கூடியதும், ஒரு பண்டத்தை எல்லாரும் ஒரே பெயரால் அழைக்க வேண்டும் என்பதற்காகவே. அப்பெயரின் ஓர் எழுத்தே அந்தச் சுழி. நாளை உங்களுள் ஒருவர் இத்தகைய அட்டவணையின் முன் அமரும்போது, வெறும் கட்டங்களை நிரப்புவதாக எண்ண வேண்டா. காவிரிப்பூம்பட்டினத்துக் காவலன் கேட்ட கேள்விக்கே விடை எழுதுகிறீர்கள். அவ்விடை உண்மையாகவும் தெளிவாகவும் இருக்கட்டும்.