கூழுக்கு எந்த வைன்?



நண்டுக் கூழோடு எந்த வைன் சேரும் என்று கேட்டால் யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் சிரிப்பார்கள். கூழுக்குத் துணை கள்ளு. ஒடியல் மாவும் கள்ளும் பனையிலிருந்துதான் வருகின்றன, குடிக்கிற பிளாவும் பனையோலைதான். ஆனால் ரொறன்ரோவில் பனை இல்லை. வைன் போத்தல் இருக்கிறது. ஆகவே கேள்வியைச் சிரித்துத் தள்ளாமல் கொஞ்சம் வரலாற்றோடு பார்ப்போம்.

கூழை நம் ஆதி உணவு என்கிறோம். பாதிதான் உண்மை. ஒடியல், புளி, நண்டு, முருங்கையிலை எல்லாம் நம்முடையவை. மிளகாயும் மரவள்ளியும் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள். வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கிய 1498க்குப் பிறகு போர்த்துக்கேயர் வழியாகத்தான் மிளகாய் நம் கரைகளுக்கு வந்தது. அதற்கு நம்மவர் வைத்த பெயரிலேயே பழைய மிளகு ஒளிந்திருக்கிறது.

அதே கப்பல்களில் வைனும் வந்தது. திராட்சை வைன் இல்லாமல் பூசை நடக்காது. குருமார் அதைக் கடல் கடந்து கொண்டுவரவேண்டியிருந்தது. 1658 ஜூனில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தரிடம் விழுந்தது. எட்டு மாதத்துக்குள், 1659 பெப்ரவரி 2 அன்று, அதே ஒல்லாந்தக் கம்பனியின் கேப் குடியிருப்பில் முதல்முறையாக வைனுக்குத் திராட்சை பிழிந்ததை யான் வான் றீபெக் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். குசினி, மேசை, பாண் என்று போர்த்துக்கேயச் சொற்கள் நம் வீட்டுக்குள் வந்து குடியேறின. அவர்களுடைய வைன் மட்டும் பீடத்தோடு நின்றுவிட்டது என்றே நினைக்கிறேன்.

பீடத்திலும் அது எளிதாகப் பகிரப்படவில்லை. 1833இல் ஆயர் டேனியல் வில்சன் தென்னிந்தியத் திருச்சபைகளில் சாதியை அடியோடு விடவேண்டும் என்று கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சபையை விட்டே விலகினார்கள். ஒரே கிண்ணத்தில் எல்லோரும் வாய்வைப்பதா என்பதும் அந்தச் சண்டையில் இருந்தது. கிறிஸ்தவளாக அதை வாசிக்கக் கூச்சமாக இருக்கிறது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தனிப் பாத்திரம் இருந்தது. 1960களின் கடைசியில் போராடித்தான் உள்ளே போனார்கள். பிளாவை இன்று அழகாகப் படம் பிடித்துப் போடுகிறோம். குடித்ததும் எறிந்துவிடலாம் என்பது யாருக்கு வசதியாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

சரி, அடுப்புக்கு வருவோம். ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, மேலே தெளியும் கசப்பு நீரை இரண்டு மூன்று தரம் ஊற்றிவிடுங்கள். நண்டை ஓட்டோடு உடைத்துப் போட்டு, பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளியோடு நன்றாகக் கொதிக்கவிடுங்கள். சாறு ஓட்டிலிருந்துதான் இறங்கும். அரைத்த செத்தல் மிளகாயும் புளியும் அதன்பிறகு. மாவைக் கரைத்துக் கடைசியில் ஊற்றி, கட்டிபடாமல் கிண்டவேண்டும். இதுவே முழுச் சாப்பாடு, சோறு தேவையில்லை. நண்டு ஒவ்வாதவர்கள் ‘நன்றாகக் கொதித்ததுதானே’ என்று சாற்றை மட்டும் குடிக்கவேண்டாம். அந்தப் புரதம் கொதியில் அழிவதில்லை.

மிளகாயின் காரப்பொருளான கப்சைசின் நாக்கில் சூட்டை உணரும் நரம்பைத் தூண்டுகிறது. நரம்புவலிக்கு அதே பொருளைக் களிம்பாகப் பூசுவதும் உண்டு. அற்ககோல் அதே நரம்பை இன்னும் கிளறிவிடும். அதனால் 14 வீதச் சிவப்பு வைன் கூழுக்கு முன்னால் எரிச்சலாகத்தான் முடியும். ஜெர்மனியின் ரீஸ்லிங் வகையில் ‘கபினெட்’ என்று போட்ட, இலேசாக இனிக்கும் போத்தலை எடுங்கள். பெரும்பாலும் 8, 9 வீதம்தான் இருக்கும். அதன் புளிப்பு நம் புளியோடு ஒத்துப்போகும், இனிப்பு காரத்தைத் தணிக்கும். வரலாற்றுக் கணக்குத் தீர்க்க விரும்புகிறவர்கள் போர்த்துக்கலின் வின்யோ வெர்டேயோ, கேப்பின் செனின் பிளாங்கோ வாங்கலாம். எதுவானாலும் நன்றாகக் குளிரவைத்து, கூழ் ஆறுவதற்குள் ஊற்றுங்கள்.